படுவான்கரையில் முதல் மாரி: முதலை, பாம்பு, வெள்ளம் பற்றி ஆற்றோரத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

மண்டூர் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வத்தளையில் இருந்தோம். கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனதும் மகனையும் கூட்டிக்கொண்டு மாமியோடு மண்டூருக்கு வந்துவிட்டேன். இதுதான் எனக்கு இங்கே முதல் மாரி. மகனுக்கு நாலு வயது.

வளவின் பின்பக்கம் ஆறு, அதாவது மட்டக்களப்பு வாவி; எங்கள் பக்கம் அதன் மேற்குக் கரையான படுவான்கரை. நடுவில் தில்லை மரங்களும் கொஞ்சம் சேற்று நிலமும்தான். வேலி பாதிக்கு மேல் விழுந்து கிடக்கிறது. மலசலகூடம் வீட்டுக்கு வெளியே, அதுவும் ஆற்றுப் பக்கமாக.

மழைக்குப் பயந்தவள் இல்லை நான். மலையில் மழை பிடித்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். சரிவில் வெடிப்பு விழுகிறதா, லயத்துச் சுவர் விரிகிறதா, கானில் வரும் தண்ணீர் திடீரென்று சேறாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். இங்கே எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அதுதான் என்னுடைய பயம்.

மாமியைக் கேட்டால் "ஒண்டும் ஆகாது புள்ள, நாங்க பாக்காத வெள்ளமா" என்கிறார். அவர் 1978 சூறாவளியையும் 2011 வெள்ளத்தையும் பார்த்தவர், அவரை நம்புகிறேன். ஆனால் அவருடைய கண்ணும் காலும் பழகிப்போன விஷயங்களை எனக்கு யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

போன கிழமை குருமண்வெளிக்குப் போகத் துறையில் பாதைக்கு (ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு) காத்திருந்தபோது, மிதக்கிற ஆற்றுவாழைச் செடிகளுக்கு நடுவே ஒரு முதலையின் தலை தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் கதையைத் தொடர்ந்தார்கள். நேற்று மழை விட்ட நேரம் விறகு அடுக்கில் ஒரு பாம்பு. என்ன பாம்பு என்று நின்று பார்க்கவில்லை, மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நாங்கள் மூவரும் பாய் போட்டு நிலத்தில்தான் படுக்கிறோம். அது சரியா? தண்ணீர் வளவுக்குள் வந்தால் முதலையும் வருமா? எந்தக் கட்டத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? வீட்டைச் சுற்றி மண்ணெண்ணெயும் உள்ளித் தண்ணீரும் தெளித்தால் பாம்பு வராது என்கிறார்களே, அது உண்மையா? தெரிந்தவர்கள் தயவுசெய்து விபரமாகச் சொல்லுங்கள்.

தோணிக்காரன்:

தங்கச்சி, நான் உங்களுக்கு எதிர்க்கரை, குருமண்வெளி. சின்ன வயதிலிருந்தே இந்த ஆற்றில் வலை போடுகிறவன். நீங்கள் பார்த்த முதலையை நானும் பார்த்திருப்பேன்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். மற்றதெல்லாம் தண்ணீரோடுதான் வருகிறது. உங்கள் கூரையில் பெய்கிற மழையை வைத்து வெள்ளத்தைக் கணக்குப் போடாதீர்கள். மேற்கே குளங்கள் நிரம்பி வான்கதவு திறந்தால், இங்கே வெயில் எறித்தாலும் ஆறு ஏறும். உன்னிச்சைக் குளம் திறந்தால் வவுணதீவுப் பக்கம் முதலில் அடி வாங்கும். உங்களுக்கு நவகிரிக் குளம்தான் முக்கியம், வெல்லாவெளி வழியாக வருகிற தண்ணீர் அது. தெற்கே அம்பாறைப் பக்கத்துத் தண்ணீரும் இந்த ஆற்றுக்குத்தான் வருகிறது. கிட்டங்கித் தாம்போதியில் (வெள்ளம் மேலால் பாயக்கூடிய தாழ்ந்த வீதியில்) தண்ணீர் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டால் நம்முடைய பக்கமும் ஆயத்தமாக வேண்டும். ஆகவே வானொலியில் மழைச் செய்தியை மட்டும் கேட்காதீர்கள், எந்தக் குளம் வான் பாய்கிறது என்று கேளுங்கள்.

இந்த ஆறு 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்குப் போக இரண்டு வாய்தான் இருக்கிறது. ஒன்று மட்டக்களப்புப் பட்டினத்துக்குப் பக்கத்தில் பாலமீன்மடு, மற்றது கோட்டைக்கல்லாறு. கோடையில் கடல் மணலைத் தள்ளி வாயை மூடிவிடும். அந்த நேரம் மாரி வந்தால் வாய் குறுகிய பானைக்குள் தண்ணீர் ஊற்றுகிற கதைதான், நிரம்பி வழியும். அப்போது பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து முகத்துவாரத்தை வெட்டுவார்கள். எப்போது வெட்டுவது என்று ஒவ்வொரு மாரியிலும் வாக்குவாதம் வரும். வயல் மூழ்கிக் கிடக்கிற விவசாயி உடனே வெட்டு என்பார். மீன், இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று எங்கள் ஆட்கள் பொறு என்பார்கள். நான் மீன்பிடிகாரன்தான், ஆனாலும் ஒருவருடைய வேளாண்மை அழுகும்போது பொறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொன்று, தண்ணீர் நன்றாக ஏறின பிறகு வெட்டினால் பாய்கிற வேகமே வாயை அகலமாக்கும். ஆறு இறங்கிக் கிடக்கும்போது வெட்டினால் கடல் மறுபடி மணலைப் போட்டு மூடிவிடும். வெட்டியாகிவிட்டது என்ற செய்தி வந்தால் உங்கள் வளவில் தண்ணீர் இறங்கத் தொடங்கும் என்று நம்பலாம், ஆனால் உடனே இல்லை. வாயிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வளவின் கடைசியில் ஒரு கம்பை இறுக்கமாக நட்டு, சாணுக்கு ஒரு கோடு போடுங்கள். காலையிலும் பின்னேரமும் பாருங்கள், இரவு படுக்குமுன் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரே இரவில் ஒரு கோட்டைத் தாண்டினால் பிள்ளையின் சாமான்களைக் கட்டி வையுங்கள். மலசலகூடக் குழிக்குள் தண்ணீர் போகும் அளவுக்கு வந்தால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் சின்னப்பிள்ளையை வைத்திருக்கக் கூடாது. வாசலுக்குத் தண்ணீர் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கிராம சேவகரிடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் தருவார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

போகிற வழியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் எந்த வாகனத்திலும் ஏறாதீர்கள். லொறி, உழவு இயந்திரம் எதுவானாலும் சரி. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையோடு ஏறிய பிள்ளைகள். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

இனி முதலை. வரும், தங்கச்சி. பொய் சொல்ல மாட்டேன். வெள்ளம் வந்தால் ஆற்றின் நடுவில் இழுவை கூடும். மீன் எல்லாம் ஓரத்துக்கு, வயலுக்கு, வளவுக்கு ஒதுங்கும். முதலையும் அதன் பின்னால் வரும். குளத்து முதலையும் வான் தண்ணீரோடு கீழே இறங்கும். முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர் போதும், அது கிடப்பது நமக்குத் தெரியாது. ஆகவே வளவில் தண்ணீர் நிற்கும்போது பிள்ளையை அதற்குள் விளையாட விடாதீர்கள். காகிதக் கப்பல் விடுவதானால் வாசலில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துக் கொடுங்கள்.

மற்ற நாட்களிலும் சில பழக்கம் வேண்டும். மீன் கழுவிய தண்ணீரையும் குடலையும் ஆற்றோரத்தில் கொட்டக் கூடாது. குழி தோண்டிப் புதையுங்கள். ஆட்டையும் நாயையும் கரையோரத்தில் கட்டாதீர்கள். தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இறங்கித் துணி கழுவ வேண்டாம், முதலை பொறுமையாகக் கவனித்து வைத்திருக்கும். விடியப்புறமும் பொழுது பட்ட பிறகும் கரைக்குப் போகவே வேண்டாம். ஆற்றுவாழை அடர்ந்து கிடக்கும் இடத்தில் பகலிலும் இறங்காதீர்கள், நீங்கள் அன்று முதலையைப் பார்த்ததும் அதற்குள்தான்.

வளவுக்குள் கண்டால் ஆட்களைக் கூப்பிட்டுச் சுற்றி வளைக்காதீர்கள். தண்ணீர்ப் பக்கத்து வழியை விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் இருங்கள், பெரும்பாலும் தானாகவே போய்விடும். போகாவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். முதலை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அடித்துக் கொல்ல வேண்டும் என்று சிலர் நிற்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கரையில் நின்ற கண்டல் மரங்களை வெட்டியவர்கள் நாங்கள், கோழிக் கழிவை மூட்டை மூட்டையாக ஆற்றில் போடுகிறவர்களும் நாங்கள்தான். முதலை தன்னுடைய இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் பின்வளவில் தில்லை நிற்கிறது என்றீர்களே, அதை யாரும் வெட்ட விடாதீர்கள். கரையை அறுக்காமல் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய வேதனை, பிள்ளையை மட்டும் அதற்குக் கிட்ட விடாதீர்கள்.

வார்ட்டுத் தாதி:

மகள், நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: நிலத்தில் படுக்க வேண்டாம். இன்றிரவே.

மாரியில் என்னை மிகவும் பயப்படுத்துவது நாகமோ புடையனோ (கண்ணாடி விரியன்) இல்லை. நாகம் படம் எடுக்கும், புடையன் சீறும், கடித்தால் வலிக்கும், ஆள் உடனே வருவார். கட்டுவிரியன் அப்படி இல்லை. கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். இரவில் திரிகிற பாம்பு. நிலத்தில் படுத்திருப்பவருடைய பாய்க்குள் வந்து, அவர் புரளும்போது கடிக்கும். வலி அவ்வளவாகத் தெரியாது, நுளம்பு கடித்ததாக நினைத்துத் தூங்கிவிடுவார்கள். விடியற்காலை வயிற்று வலியோடு எழும்புவார்கள். வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு நேரம் போகும். பிறகு கண் இமை கீழே விழும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு. நேரத்துக்கு வந்தவரைக் காப்பாற்றலாம், செயற்கைச் சுவாசம் கொடுத்து வைத்திருக்கலாம். ஆகவே நிலத்தில் படுத்தவர் விடியற்காலை வயிற்று வலி, இமை சோர்கிறது என்று சொன்னால், கடித்த அடையாளத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

கட்டில் இல்லையென்றால் பலகை வாங்கு இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். அதற்கு மேல் நுளம்பு வலை கட்டி, ஓரத்தை மெத்தைக்கோ பாய்க்கோ கீழே நன்றாகச் சொருகுங்கள். வலை தொங்கிக்கொண்டு நின்றால் பிரயோசனம் இல்லை. போர்வையை உதறிவிட்டுப் படுங்கள்.

மண்ணெண்ணெய், உள்ளி, வெடியுப்பு எதுவும் பாம்பைத் தடுக்காது. மழை ஒன்று பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மண்ணெண்ணெய் போத்தலைப் பிள்ளை எடுத்துக் குடித்துக்கொண்டு வந்த கதைகள் எங்களிடம் நிறைய உண்டு, அதை வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும் மேட்டு நிலத்துக்கும்தான். வெள்ளத்தில் அதனுடைய பொந்து மூழ்குகிறது, உங்கள் வீடு உயரத்தில் இருக்கிறது. விறகைச் சுவரோடு அடுக்காமல் கல் வைத்து நிலத்திலிருந்து தூக்கி, வீட்டிலிருந்து தள்ளி அடுக்குங்கள். நெல் மூட்டை, தேங்காய் மட்டைக் குவியல் எல்லாம் அப்படித்தான். கதவுக்குக் கீழே இடைவெளி இருந்தால் பழைய சாக்கைச் சுருட்டி வையுங்கள். இரவில் மலசலகூடத்துக்குப் போகும்போது டோர்ச்சும் மூடின செருப்பும் கட்டாயம். பிள்ளைக்கு உள்ளேயே ஒரு பாத்திரம் வைத்துவிடுங்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் கழற்றுங்கள். கடித்த கையையோ காலையோ தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, ஆட்டாமல் கொண்டுவாருங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை, தூரத்தில் நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். இங்கே கொடுக்கும் விஷமுறி மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்தது. அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் இல்லை. விசகடி வைத்தியரிடம் ஊரில் எல்லோருக்கும் மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் முதலில் எங்களிடம் வாருங்கள். அவரிடம் போய்விட்டு வருகிற நேரத்தில் நான் கண்ட இழப்புகளை எழுத மனம் வரவில்லை.

வட்டைக்காரன்:

வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு சொல். மண்டூருக்குள் ஆனைத் தொல்லை எங்கள் வயல் வட்டைகளில் போல இருக்காது. ஆனாலும் பெரும்போகம் வெட்டி நெல்லை வீட்டுக்குள் வைத்தால் மணத்துக்கு வந்து சுவரை இடித்துவிடும். படுக்கிற அறைக்குள் நெல் மூட்டை வைக்காதீர்கள், அவ்வளவுதான். வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) கண்டால் பயப்பட வேண்டாம், அதற்கு விஷம் இல்லை. கோழிக் கூட்டை மட்டும் பத்திரமாக அடையுங்கள். கபரகொய்யாவையும் (பெரிய நீர் உடும்பு) அடிக்காதீர்கள். எலி, பாம்பு, முதலை முட்டை எல்லாவற்றையும் தின்கிற பிராணி, நமக்கு உபகாரம்.

மருதமுனை ராத்தா:

தங்கச்சி, உங்களுக்கு ஆறு, எனக்குக் கடல். எங்கள் வீட்டில் நெசவுத் தறி குழிக்குள் இருக்கிறது, மாரி வந்தால் முதலில் தண்ணீர் ஊறுவது அங்கேதான். வாடைக்காற்று தொடங்கும்போதே பாவு நூலைக் கழற்றி மேலே ஏற்றிவிடுவோம்.

யாரும் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். 1978 நவம்பர் 23 இரவை உங்கள் மாமியிடம் கேளுங்கள். இந்தக் கரையில் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி அந்த ஒரே இரவில் சாய்ந்தது. எங்கள் உம்மா சொல்லித் தந்த ஒரு விஷயம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. சூறாவளியின் நடுப்பகுதி நமக்கு மேலே வந்தால் காற்று திடீரென்று நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே போய்க் கூரை ஓடுகளைப் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் அப்போதுதான் விழும்.

இப்போதே ஆளைப் பிடித்து வீட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கும் தென்னையின் காய்ந்த மட்டை, தேங்காய், குரும்பை எல்லாவற்றையும் இறக்குங்கள். கூரைத் தகரத்துக்குக் கல் வைப்பதை விட்டுவிட்டுக் கம்பியால் வளை மரத்தோடு கட்டச் சொல்லுங்கள். காற்றில் முதலில் பறப்பது அந்தக் கல்தான். எந்த அறைக்கு மேலே கொங்கிறீட் இருக்கிறதோ அங்கே இருங்கள். இல்லையென்றால் அயலில் அப்படி ஒரு வீட்டைப் பேசி வையுங்கள். தொலைபேசி, டோர்ச் எல்லாம் சார்ஜ் ஏற்றி, அரிசி, பருப்பு, நெத்தலிக் கருவாடு, பிள்ளையின் பனடோல் பாணி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு வாளிக்குள் போட்டு மூடி வையுங்கள். வாளி மிதக்கும், பை ஊறிவிடும்.

இன்னொன்று. கடற்கரையில் பாம்பு ஒதுங்கியது, சுனாமி வரப்போகிறது என்று மாரியில் யாராவது தொலைபேசியில் அனுப்புவார்கள். 2004 டிசம்பர் 26இல் எங்கள் ஊர் கொடுத்த உயிர்கள் கொஞ்சமல்ல, அதனால் அந்தச் செய்தி வந்தாலே இங்கே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். கடல் கொந்தளித்தால் பாம்பும் மீனும் கரைக்கு ஒதுங்குவதுண்டு. சுனாமி பெரும்பாலும் கடலுக்கு அடியில் நில அதிர்வால் வருவது, பாம்பு அதற்குச் செய்தி சொல்லாது. ஆனால் கடற்பாம்பைக் கையால் தொடாதீர்கள், வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும், கொடிய விஷம். நிலம் நன்றாக ஆடினாலோ கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ யாரையும் கேட்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

மண்டூர் மருமகள்:

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மாமிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ராத்தா, 1978 பற்றிக் கேட்டதும் அவர் கன நேரம் பேசினார். அந்த இரவு வீட்டிலிருந்த எல்லோரும் நெல் அவிக்கிற பெரிய அண்டாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சுவரோரம் இருந்தார்களாம். இதுவரை அதை என்னிடம் சொன்னதில்லை.

கட்டிலுக்கு ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. அது வரும்வரை அயல் வீட்டு வாங்கு இரண்டு. கம்பு நட்டாயிற்று, கோடு போடும் வேலையை மகன் எடுத்துக்கொண்டான்.

கிணற்றைப் பற்றி ஒரு கேள்வி பாக்கி. வெள்ளத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? மகனுக்குக் காலில் சின்னப் புண் ஒன்றும் இருக்கிறது.

வார்ட்டுத் தாதி:

வெள்ளம் கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டாம், கொதிக்க வைத்தாலும் சேறும் எண்ணெயும் போகாது. தண்ணீர் வடிந்த பிறகு கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போட வையுங்கள். அதுவரை பவுசரில் (தண்ணீர் வண்டியில்) வரும் தண்ணீர்தான், அதையும் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். இப்போதே இரண்டு மூன்று கலனில் நல்ல தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள்.

புண் ஆறும்வரை மகனைச் சேற்றில் இறக்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்று எது வந்தாலும் வீட்டில் வைத்திருக்காமல் கொண்டுவாருங்கள். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்புக் குளிசை கொடுப்பார்கள், வட்டைக்காரத் தம்பி, நீங்களும் கேட்டு எடுங்கள்.

தோணிக்காரன்:

தங்கச்சி, நவகிரி நிறைந்துகொண்டு வருகிறதாம், இன்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். கதவு திறந்தால் இங்கே எழுதுகிறேன். வேலியை இந்தக் கிழமைக்குள் அடையுங்கள்.